முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாமல் வீட்டில் உடற்பயிற்சி தொடங்குவது எப்படி?

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கிழமை நான் உடற்பயிற்சி தொடங்கினேன். ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டு, அதில் அந்தப் பிள்ளை செய்ததைப் போலவே நூறு தடவை குந்தி எழும்பினேன். எனக்கு வயது 43. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓடிய ஞாபகமே இல்லை. அடுத்த நாள் விடிய, கட்டிலில் இருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஆறு கிழமை படியேறவே கஷ்டப்பட்டேன்.

அதன் பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்து, பிரஷர், சீனி எல்லாம் சோதித்து, முறையாகத் தொடங்குவதற்கு இன்னும் இரண்டு மாதம் போனது. அதிலும் பாதி வீண் அலைச்சல். தவறான நாளில் கிளினிக்குக்குப் போனேன், தேத்தண்ணி குடித்துவிட்டு இரத்தம் கொடுக்கப் போனேன், தேவையில்லாத சாமானுக்குக் காசு கொடுத்தேன். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது மட்டக்களப்பு கல்லடியில், சின்ன வீடு. 68 வயதான, சீனி வருத்தம் உள்ள என் அம்மாவும் இப்போது என்னோடு சேர்ந்து செய்கிறார். அதனால் எங்கள் இரண்டு பேரின் வயதுக்கும் பொருந்துகிற மாதிரிச் சொல்கிறேன்.

1. முதலில் ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்

உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை. ஒரு கொப்பியை எடுத்து ஆம், இல்லை என்று எழுதுங்கள். இந்தக் கொப்பி கடைசிவரை தேவைப்படும்.

உங்களுக்கு இதய வருத்தம் இருக்கிறது என்று வைத்தியர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? வேலை செய்யும்போது, மாடிப்படி ஏறும்போது நெஞ்சு நோகிறதா? கடந்த ஒரு மாதத்தில் சும்மா இருக்கும்போது நெஞ்சு நொந்ததா? தலைச்சுற்றி விழுந்திருக்கிறீர்களா, மயங்கியிருக்கிறீர்களா? அசைத்தால் மோசமாகிற மூட்டு நோ, நாரி நோ இருக்கிறதா? பிரஷருக்கோ இதயத்துக்கோ குளிசை குடிக்கிறீர்களா? உடற்பயிற்சி செய்யக்கூடாது என்பதற்கு வேறு ஏதும் காரணம் உங்களுக்கே தெரியுமா?

ஏழுக்கும் 'இல்லை' என்றால் நீங்கள் மெதுவாகத் தொடங்கலாம். ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் வைத்தியரைக் கேட்ட பிறகுதான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்று ஆறு கிழமை ஆகாதவர்களும், அண்மையில் ஒப்பரேஷன் செய்தவர்களும் ஏழும் 'இல்லை' என்றாலும் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கர்ப்பிணிகளுக்கு, வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் கேட்பதுதான் சுகமான வழி.

இதில் உண்மையை எழுதுங்கள். நான் முதல் தடவை 'மாடிப்படி' கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் மாடிப்படியே கிடையாது, அதனால் யோசிக்காமல் எழுதிவிட்டேன். கந்தோரில் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது நான் பாதியில் நின்று மூச்சு வாங்குவது பிறகுதான் ஞாபகம் வந்தது.

2. பரிசோதனை: எங்கே, எப்போது, என்ன கொண்டுபோவது

35 வயது தாண்டியிருந்தால், ஏழு கேள்விக்கும் 'இல்லை' என்றாலும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். பிரஷரும் சீனியும் கூடியிருந்தாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. எனக்குப் பிரஷர் 150/95 இருந்தது, அதற்கு முன் ஒரு நாள் தலையிடி கூட வந்ததில்லை.

இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அரச ஆஸ்பத்திரிகளில் தொற்றா நோய்களைச் சோதிப்பதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பலகையில் பெயர் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், 'எச்.எல்.சி. (ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்) எங்கே?' என்று கேட்டால் காட்டுவார்கள். நிறை, உயரம், இடுப்பளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கொலஸ்ட்ரோலும் பார்ப்பார்கள். எல்லாம் இலவசம். இதற்காகப் போதனா வைத்தியசாலை வரிசையில் போய் நிற்க வேண்டாம், உங்களுக்குக் கிட்ட இருக்கிற பிரதேச வைத்தியசாலையே போதும். எங்கே, எந்த நாள் என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

நான் பட்ட இரண்டு அலைச்சலும் இதில்தான். சின்ன ஆஸ்பத்திரிகளில் இந்தக் கிளினிக் தினமும் நடக்காது, கிழமையில் குறித்த நாட்களில்தான் நடக்கும். நான் கேட்காமல் லீவு போட்டுவிட்டுப் போய், 'இன்றைக்கு இல்லை' என்று கேட்டுத் திரும்பினேன். அடுத்த முறை சரியான நாளில் போனேன், ஆனால் ஆறு மணிக்குப் பழக்கதோஷத்தில் ஒரு பிளேன்டி குடித்துவிட்டேன். "சாப்பிடல்லதானே, தேத்தண்ணிதானே" என்றேன். நேர்ஸ் தலையை ஆட்டினார். சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால் வெறும் வயிறு கிடையாது.

ஆகவே முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும்தான். வெறும் வயிற்றுச் சீனிக்கு எட்டு மணித்தியாலம் போதும், கொலஸ்ட்ரோலும் பார்ப்பதென்றால் பத்து முதல் பன்னிரண்டு மணித்தியாலம் விடச் சொல்வார்கள். விடிய ஏழு ஏழரைக்கே போய்விடுங்கள். கையில் பாணோ வாழைப்பழமோ வைத்திருங்கள், இரத்தம் கொடுத்ததும் சாப்பிடலாம். சீனிக்குக் குளிசை, ஊசி எடுப்பவர்கள் அன்று காலை மருந்தை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வெறும் வயிற்றோடு ஊசி போட்டுக்கொண்டு வரிசையில் நின்று மயங்கியவரை நானே பார்த்தேன்.

கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, ஏற்கெனவே கிளினிக் கொப்பி இருந்தால் அது, பழைய ரிப்போர்ட்டுகள், குடிக்கிற குளிசைகளின் கார்ட். குளிசையின் பெயர் தெரியாவிட்டால் வெற்று அட்டையையாவது கொண்டுபோங்கள். 'வெள்ளைக் குளிசை, சின்னது' என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதையும் கொண்டுபோங்கள், படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் இருந்து ஆறுங்கள். சைக்கிளில் வந்து இறங்கியவுடன் பார்த்தால் கூடத்தான் காட்டும். 140/90க்கு மேல் காட்டினால் வைத்தியர் வேறொரு நாளும் பார்ப்பார். 180/110 அளவில் இருந்தால் முதலில் வைத்தியம், அது இறங்கிய பிறகுதான் பயிற்சி.

முழங்கால், நாரி, தோள் இவற்றில் பழைய நோ இருந்தால் அரச ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைப் பார்த்து, பிசியோதெரபி பகுதிக்குக் கடிதம் வாங்குங்கள். நேராகப் போனால் எடுக்க மாட்டார்கள். எனக்கு லீவு கிடைக்காததால் தனியாரிடம் போனேன், ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் கொடுத்தேன். அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் எனக்குச் செய்த சோதனையைச் சொல்கிறேன். "கதிரையில இருந்து எழும்பிக் காட்டுங்க" என்றார். எழும்பினேன். "இப்ப கையை நெஞ்சில கட்டிக்கொண்டு எழும்புங்க." நான் முன்னால் சாய்ந்தேன், உடம்பு பாதி தூக்கி, திரும்பக் கதிரையில் விழுந்தது. இரண்டாம் தடவையும் அதேதான். இத்தனை வருடமும் கையால் முழங்காலை அழுத்தித்தான் எழும்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கதிரையில் இருந்து எழும்ப முடியாத கால்களைக் கொண்டு நூறு தடவை குந்தி எழும்பியிருக்கிறேன். இந்தச் சோதனையை நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். எங்கே தொடங்குவது என்று அது சொல்லும்.

3. சாமான்: எதை வாங்குவது, எதை விடுவது

முதல் மாதத்துக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். இதைச் சும்மா சொல்லவில்லை. நான் முதலில் வாங்கியது வயிற்றில் கட்டுகிற ஒரு 'வியர்வை பெல்ட்'. ஃபேஸ்புக் விளம்பரம், வீட்டுக்கே வந்து காசு வாங்கினார்கள், 3,500 ரூபாய். பில் கிடையாது, அதனால் திருப்பிக் கொடுக்கவும் வழி கிடையாது. வியர்வையாகப் போவது தண்ணீர், கொழுப்பு அல்ல, ஒரு போத்தல் தண்ணீர் குடித்தால் நிறை திரும்ப வந்துவிடும். நம் ஊர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தால் உடம்பில் நீர் வற்றி மயக்கம் வரும். வயிற்றில் மட்டும், கையில் மட்டும் என்று கொழுப்பைக் கரைக்கிற பயிற்சியும் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்கிற எதற்கும் காசு கொடுக்காதீர்கள். ஓடும் மெஷினைத் தவணைக்கு வாங்கும் எண்ணம் இருந்தால் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள்.

வீட்டில் இருப்பதே போதும். உறுதியான மரக்கதிரை ஒன்று, கையூன்றச் சுவர், இரண்டு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் (தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரைக் கிலோ, பிறகு ஒன்றரை லீற்றருக்கு மாறலாம்), தையல்காரர் வைத்திருக்கிற அளவு நாடா.

பிளாஸ்டிக் கதிரை வேண்டவே வேண்டாம். அம்மா முதல் நாள் பிளாஸ்டிக் கதிரையில்தான் இருந்தார். டைல்ஸ் தரை, கூட்டிக் கழுவி அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை. இரண்டாம் தடவை அவர் இருக்கும்போது கதிரையின் பின்கால் இரண்டும் மெல்ல வெளியே விரிந்தன. சத்தம் கூட வரவில்லை. நான் முதுகுக்குப் பின்னால் நின்றதால் கமுக்கட்டில் கை கொடுத்துப் பிடித்துவிட்டேன். அந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது மரக்கதிரை, அதையும் சுவரோடு ஒட்டி வைக்கிறோம்.

பன்பாயும் அப்படித்தான். சீமெந்துத் தரையில் பிடிக்கும், டைல்ஸில் வழுக்கும். படுத்துச் செய்கிற பயிற்சிக்குப் பன்பாய் நல்லது, நின்று செய்வதற்கு அதன்மேல் ஏறாதீர்கள். இரண்டாம் மாதத்தில் நான் ஒரு ரப்பர் விரிப்பு 2,800 ரூபாய்க்கு வாங்கினேன், ஆறு மில்லிமீற்றர் தடிப்பு. அதற்குப் பிறகு இழுக்கிற ரப்பர் பட்டி ஒன்று 1,200. அம்மாவுக்காகப் பிரஷர் மெஷின் 9,500, பில்லும் வாரண்டி கார்டும் வாங்கி வைத்திருக்கிறேன். பிரஷர் மெஷின் வாங்கினால் மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது கையை வைக்கிற விதத்துக்கு ஏற்ப மாறி மாறிக் காட்டும்.

உடுப்பு: ஆண்கள் சாரத்தோடு செய்யாதீர்கள், பெண்கள் நிலத்தில் இழுபடுகிற நைட்டியோடும் துப்பட்டாவோடும் செய்யாதீர்கள். காலில் மிதிபட்டு விழுந்தவர்கள் இருக்கிறார்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கிற பழைய காற்சட்டையும் தளர்ந்த மேற்சட்டையும் போதும்.

4. இடமும் நேரமும்

இரண்டு கையையும் விரித்துச் சுற்றினால் எதிலும் படாத இடம் போதும். வீட்டில் காற்று வருகிற இடம் எது என்று பாருங்கள். எங்களுக்கு முன் விறாந்தை. தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால், நான் செய்ததைப் போல ஒரு பழைய சேலையைக் கயிற்றில் போட்டுவிடுங்கள்.

நேரம் முக்கியம். கூரைக்கு ஷீட் போட்ட வீட்டில் காலை பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்கவே முடியாது, பின்னேரம் ஐந்தரை வரைக்கும் அந்தச் சூடு இறங்காது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இன்னும் மோசம். ஐந்தரை முதல் ஆறரை வரை விடியற்காலை அல்லது பொழுதுபட்ட பிறகு, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து அதையே வைத்திருங்கள். சோறு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் போகட்டும். முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர், முடிந்த பிறகு ஒரு கிளாஸ்.

வீட்டு வேலை கூடிய பெண்களுக்கு ஒரு வார்த்தை. 'எல்லாரும் போன பிறகு செய்வோம்' என்று நினைத்தால் ஒரு நாளும் நடக்காது. நான் அடுப்பில் தண்ணீர் வைக்கிறதற்கு முன்னால் செய்துவிடுகிறேன். பத்து நிமிடம்தான், யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

5. முதல் இரண்டு கிழமை: ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

இந்தக் கட்டத்தில் தவறு செய்யாதவர் யாரும் இல்லை. மூன்றாம் நாள் உற்சாகம் வரும், 'இன்னும் செய்யலாம் போல இருக்கு' என்று தோன்றும். செய்யாதீர்கள். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும். மூட்டைத் தாங்குகிற சவ்வும் தசைநாரும் அப்படியல்ல, அவை பலப்பட மாதக்கணக்கு எடுக்கும். மூச்சு 'ஓம்' என்று சொன்னாலும் முழங்கால் தயாராக இராது. என் முழங்கால் வீங்கியது அதனால்தான்.

கிழமைக்கு ஐந்து நாள், இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

நின்ற இடத்தில் நடை, மூன்று நிமிடம். முழங்காலைக் கொஞ்சம்தான் உயர்த்த வேண்டும். தோளை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். இது உடம்பைச் சூடாக்க.

கதிரையில் இருந்து எழும்புதல், ஐந்து தடவை. கதிரையின் முன் விளிம்புக்கு வாருங்கள். பாதம் இரண்டும் இடுப்பகலத்தில், குதி முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மூக்கு கால் பெருவிரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, அப்புறம் எழும்புங்கள். எழும்பும்போது மூச்சை விடுங்கள். இருக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெல்ல இருங்கள், தொப்பென்று விழக்கூடாது. முழங்கால் இரண்டும் உள்ளே சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில்லாமல் எழும்ப முடியாதவர்கள், பெட்ஷீட்டை மடித்துப் போட்டுக் கதிரையின் உயரத்தைக் கூட்டுங்கள். எனக்கு முதல் கிழமை இரண்டு பெட்ஷீட் தேவைப்பட்டது, பிறகு ஒன்று, நாலாம் கிழமை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சுவரில் கையூன்றித் தள்ளுதல், எட்டுத் தடவை. சுவரில் இருந்து ஒரு கைநீளம் தள்ளி நின்று, உள்ளங்கையை நெஞ்சு உயரத்தில் வையுங்கள். உடம்பு பலகை போல நேராக இருக்கட்டும்.

குதிக்காலை உயர்த்துதல், பத்துத் தடவை. யன்னல் கம்பியையோ குசினி மேடையையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் இரண்டு நிமிடம் மெதுவாக நடந்து மூச்சை இறக்குங்கள். சட்டென்று நின்று இருந்துவிட்டால் தலை சுற்றும்.

அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "உகந்தையால கதிர்காமத்துக்கு நடந்து போன கால் புள்ள இது, எனக்கென்ன பயிற்சி?" என்பார். உண்மைதான், கல்யாணத்துக்கு முன் நடந்தவர். அது வேறு கால், இது வேறு கால் என்று வாதாடாமல், "அஞ்சே அஞ்சு தரம் எழும்பி இருங்கம்மா, மறுகா விட்டிருவம்" என்றேன். ஐந்து தடவை எழும்பினார். நாலாவதில் கால் நடுங்கியதை அவரே பார்த்தார். அதற்குப் பிறகு நான் கூப்பிடத் தேவைப்படவில்லை.

எவ்வளவு கஷ்டமாகச் செய்வது என்று அறியக் கைக்கடிகாரம் வேண்டாம். பயிற்சி செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான அளவு. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கூடிப்போச்சு, குறையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மட்டும் எதையும் செய்யாதீர்கள், பிரஷர் சட்டென்று ஏறும்.

6. மூன்றாம் கிழமையில் இருந்து

ஒரு கிழமைக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நிமிடத்தைக் கூட்டினால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். மூன்றாம், நாலாம் கிழமையில் பதினைந்து நிமிடம், இரண்டாம் மாதத்தில் இருபத்தைந்து முப்பது என்று போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். முதல் நாளே 150ஐத் தொட வேண்டியதில்லை. நான் தொட மூன்று மாதம் எடுத்தது.

கதிரை, சுவர், போத்தல் போன்ற பலப் பயிற்சிகளை இப்போதிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். இடைப்பட்ட நாட்களில் நடை. மாலையில் வெளியே போக முடிந்தால் கல்லடிப் பழைய பாலத்தில் போய்த் திரும்புவது நல்ல நடை, வாவிக் காற்றும் கிடைக்கும். 65 வயது தாண்டியவர்கள் கிழமைக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது போதும்.

7. நோவில் எது பரவாயில்லை, எது ஆபத்து

செய்த அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை, கை எல்லாம் ஊமையாக நோகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அசைந்தால் கொஞ்சம் இளகும், மூன்று நாலு நாளில் போய்விடும். அது தசை பழகுகிற நோ. அந்த நாட்களில் நடையை மட்டும் செய்யுங்கள்.

ஒரு மூட்டில் மட்டும் குத்துகிற நோ, வீக்கம், காலுக்குள் ஓடுகிற மின்சாரம் போன்ற நோ, விறைப்பு வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். எண்ணெய் போட்டு உருவி, அதோடு மறுபடி பயிற்சி செய்ததுதான் என் முழங்காலை ஆறு கிழமைக்கு இழுத்தது.

பலருக்குத் தெரியாத ஒன்று: பழக்கமில்லாமல் மிகக் கூடச் செய்த பிறகு தசை பயங்கரமாக நொந்து, சிறுநீர் பிளேன்டி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற நோ, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர் வியர்வை, ஆறாத மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் பயிற்சியை நிறுத்தி, உட்கார்ந்துகொண்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். 'வாய்வு' என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்து நேரத்தைப் போக்காதீர்கள். சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோ இல்லாமலே வெறும் மூச்சு வாங்கலும் களைப்புமாக மாரடைப்பு வரலாம். அந்த நான்கு இலக்கத்தையும் எங்கள் விறாந்தைச் சுவரில், கதிரைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

8. சீனியும் பிரஷரும் உள்ளவர்களுக்கு

இன்சுலின் ஊசியோ, கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதும் அதற்குப் பிறகு பல மணித்தியாலத்துக்கும் சீனி இறங்கலாம். மெட்ஃபோர்மின் மட்டும் குடிப்பவர்களுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. நடுக்கம், வியர்வை, பசி, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். அம்மா பயிற்சி செய்யும்போது சீனிப் போத்தலும் கரண்டியும் பக்கத்து யன்னலில் இருக்கும். சீனி பார்க்கிற மெஷின் வைத்திருப்பவர்கள், தொடங்கும்போது சீனி 90க்குக் கீழே காட்டினால் முதலில் ஏதாவது சாப்பிடுங்கள். 250க்கு மேல் காட்டி, உடம்பும் சரியில்லாமல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். தொடையில் ஊசி போட்ட கையோடு கால் பயிற்சி செய்யாதீர்கள், மருந்து சீக்கிரம் வேலை செய்துவிடும்.

வெறுங்காலோடும் வேண்டாம். கால் விறைத்தவர்களுக்கு முள் ஏறினாலும் தெரியாது. பின்னால் பட்டி உள்ள செருப்போ சப்பாத்தோ போட்டு, முடிந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். அம்மாவுக்கு நான்தான் பார்க்கிறேன், குனிந்து பார்க்க அவருக்குக் கண் தெரியாது.

பிரஷருக்கு அட்டெனலோல் போன்ற குளிசை குடிப்பவர்களுக்குப் பயிற்சியின்போது இதயத்துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஆகவே கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து 'இன்னும் கூடச் செய்யலாம்' என்று நினைப்பது பிழை, கதைத்துப் பார்க்கிற முறைதான் சரி. படுத்துச் செய்த பிறகு உடனே எழும்பாமல், முதலில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழும்புங்கள்.

9. இடையில் விட்டுப்போனால்

காய்ச்சல் என்றால் ஒரு நாளும் செய்யாதீர்கள், 'வேர்த்தால் போயிரும்' என்பது பிழை. மாரி காலத்தில் இங்கே டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டும் வரும். காய்ச்சல் விட்டும் களைப்பு இருக்கும்வரை காத்திருந்து, பிறகு முதல் கிழமை அளவில் இருந்து தொடங்குங்கள். நோன்பு காலத்தில் நோன்பு துறப்பதற்குச் சற்று முன் மெதுவான நடை, துறந்து ஒன்றரை இரண்டு மணித்தியாலம் கழித்துப் பலப் பயிற்சி என்று பிரித்துக்கொள்ளலாம். கந்தசஷ்டி விரதமும் அப்படித்தான், ஆறு நாளும் நடையோடு விட்டுவிடுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் விரதத்தோடு பயிற்சியையும் சேர்க்கலாமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

மழையில் விறாந்தைத் தரை நனைந்தால் உள்ளே போங்கள். வெள்ளம் வந்து பத்து நாள் நின்றுபோனாலும் பரவாயில்லை, விட்ட இடத்துக்குப் பாயாமல் பாதி அளவில் தொடங்குங்கள்.

10. மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள்

தினமும் நிறை பார்க்காதீர்கள், முதல் மாதம் நிறை அசையாது, மனம்தான் விட்டுப்போகும். மாதத்துக்கு ஒரு முறை அளவு நாடாவால் இடுப்பளவை எடுங்கள். விலா எலும்பின் கடைசிக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு எடுக்க வேண்டும். எங்களைப் போன்ற தெற்காசியருக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். என்னுடையது தொடங்கும்போது 96, மூன்று மாதத்தில் 91. நிறை குறைந்தது இரண்டு கிலோதான். கையில்லாமல் கதிரையில் இருந்து எழும்பும் எண்ணிக்கை பூச்சியத்தில் இருந்து பதினைந்து.

சீனி உள்ளவர்கள் எச்பிஏ1சி சோதனையை மூன்று மாதம் ஆன பிறகு செய்யுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுவது, அவசரப்பட்டு ஒரு மாதத்தில் செய்தால் காசுதான் வீண். பிரஷர் குறைந்திருக்கிறது என்று நீங்களாகக் குளிசையைக் குறைக்காதீர்கள். எனக்கு 134/86க்கு வந்தது. அம்மாவின் ஒரு குளிசையை வைத்தியர் பாதியாக்கினார், ஆனால் அதற்கு முன் என் கொப்பியை வாங்கி, எந்த நாள் எத்தனை நிமிடம், அன்று சீனி எவ்வளவு என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். ஆகவே கிளினிக் கொப்பியோடு இந்தக் கொப்பியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.